பணிமூப்பு

ஜனவரி 3

இந்த ஆண்டுக் கடிதத்தையும் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபால். ஒரு நகல் நிர்வாக இயக்குநர் பரந்தாமனுக்கு, ஒரு நகல் கேப்டன் வெள்ளியங்கிரிக்கு. முதுகுக்குப் பின்னால் புகார் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

விஷயம் புதிதல்ல. தென்திசை ஏர் தொடங்கிய நாளிலிருந்து நான் இங்கே விமானி. பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் ஒரு சின்ன விமானக் கம்பெனியை வாங்கியது. அதோடு வந்து சேர்ந்தவர் வெள்ளியங்கிரி. இரண்டு பணிமூப்புப் பட்டியலையும் ஒன்றாக்கும்போது, வேலையில் சேர்ந்த தேதியை விட்டுவிட்டு, கேப்டனான தேதியைப் பார்த்தார்கள். அவர் எட்டு மாதம் முன்னால் கேப்டனாகியிருந்தார். அப்பா மில் வைத்திருந்தார், மகனை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். நான் ஃப்ளையிங் கிளப்பில் விமானம் கழுவிக்கொண்டே பழைய பாடப் புத்தகங்களை வாங்கி நானாகவே படித்துத் தேறியவன். அந்த எட்டு மாதம் அப்படிப் போனது. அதனால் அவர் மேலே, நான் கீழே.

வெளி ஆட்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். விமானிக்கு அந்த எண்தான் எல்லாம். எந்தப் பயணம், எந்த லீவு, யாருக்கு முதலில் பதவி, எல்லாம் அந்த வரிசைப்படி. வேறு கம்பெனிக்குப் போனால் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

மாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஆள் வந்தான். தண்ணீர் வருகிறது.

ஜனவரி 7

ஊழியர் கூட்டம். பரந்தாமன் பேசினார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று நான்கு முறை சொன்னார். குடும்பத்தில் ஒருவன் பதினைந்து கடிதம் எழுதினால் ஒன்றுக்காவது பதில் வரும்.

ஐந்து விமானத்தில் மூன்றுதான் பறக்கிறது. நான்காவது பழுதுபார்க்கப் போய் வரவில்லை. ஐந்தாவது மீனம்பாக்கத்தில் ஒரு மூலையில் நிற்கிறது. மற்ற மூன்றுக்கும் எது தேவைப்பட்டாலும் அதிலிருந்துதான் கழற்றுகிறார்கள். துணை விமானிப் பிள்ளைகள் அதற்கு 'மளிகைக் கடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் துணை விமானி ஃபர்ஹானா என்னிடம் வந்து, "சார், குடும்பம்னா சொத்துல பங்கு கேக்கலாமா? எனக்கு மளிகைக் கடை போதும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முன்பெல்லாம் கூட்டம் முடிந்தால் கேண்டீனில் அரைமணி நேரம் சத்தம் ஓயாது. இன்று சிரித்துவிட்டு அவரவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள்.

ஜனவரி 10

தூத்துக்குடியிலிருந்து பயணியாகத் திரும்பினேன். ஓட்டியவர் வெள்ளியங்கிரி. அறுபது தாண்டிய இருவர் ஒரே காக்பிட்டில் உட்காரக் கூடாது என்பது கம்பெனி விதி. அதற்கு முன்பும் இருவருமே கேப்டன்கள் என்பதால் சேர்ந்து பறந்ததில்லை. இத்தனை வருடத்தில் அவர் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. அதில் எனக்குக் குறையும் இல்லை.

சென்னையில் சக்கரம் தொட்டது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி இறங்கியாச்சா என்று என்னைக் கேட்டார். காற்றே இல்லாத நாள், நீளமான ஓடுபாதை. யாரும் இறக்கலாம்.

இறங்கும்போது வாசலில் நின்று, "கடுதாசி கெடச்சுதுங்க கேப்டன்" என்றார். "பதில் சொல்ல வேண்டியது நீங்களில்லை, நிர்வாகம்" என்றேன்.

ஜனவரி 16

ஒரு பெரிய கம்பெனியிலிருந்து தொலைபேசி. பெயர் இங்கே வேண்டாம். வானத்தைப் பார்த்தால் தெரிவது பாதி அவர்கள் விமானம்தான். ஜெட் விமானத்துக்கு கேப்டன்கள் தேவையாம். பயிற்சி அவர்களே தருவார்கள். நிபந்தனை ஒன்று: அறுபத்திரண்டு வயது ஆவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். விமானிக்கு அறுபத்தைந்தில் ஓய்வு. மூன்று வருடமாவது பறக்காத ஆளுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களுக்குக் கட்டுபடி ஆகாது.

எனக்கு மார்ச் 14 அன்று அறுபத்திரண்டு. அதைத் தாண்டினால் என்னை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். தென்திசை மூடினால் அன்றோடு நானும் தரையில்.

மனைவி ரூபவதியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போங்களேன். அங்க கம்பெனி நாளைக்கு இருக்குமா இருக்காதான்னு யாரும் ராத்திரி முழிச்சிட்டுக் கெடக்க வேண்டாம்லா."

"நான் ஒண்ணும் முழிச்சிட்டுக் கெடக்கல."

"நான் முழிச்சிருக்கேன். அதனால எனக்குத் தெரியும்."

யோசித்துச் சொல்வதாகப் பெரிய கம்பெனிக்குப் பதில் எழுதினேன். அங்கே போனால் இருபத்தெட்டு வயதுப் பையன்களுக்குக் கீழே என் பெயர். இங்கே எனக்கு மேலே ஒரே ஒரு பெயர்தான். அதுவும் தவறாக இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் போனால் சரி என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஜனவரி 17

எரிவாயு சிலிண்டர் பதிவு செய்தேன். செருப்பு தைக்கக் கொடுத்தேன்.

ஜனவரி 25

வெள்ளியங்கிரிக்கும் அதே இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறதாம். ஃபர்ஹானா சொன்னாள். அவர் என்னைவிட ஒரு வயது சின்னவர், அவசரமில்லை. ஏன் இன்னும் போகவில்லை என்று தெரியவில்லை. அவர் முதலில் போனால் அங்கேயும் எனக்கு மேலே இருப்பார். நான் முதலில் போனால் இங்கே அவரை எதிர்த்து எழுதியதெல்லாம் முடிவில்லாமல் போய்விடும். அவர் போய் நான் இருந்தால் இங்கே முதல் பெயர் எனக்கு. ஆனால் அது ஆள் இல்லாததால் கிடைத்ததாகத்தான் இருக்கும்.

மூன்று வழியும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3

பரந்தாமன் அறைக்கு அழைத்தார். காப்பி வந்தது. இத்தனை வருடத்தில் அந்த அறையில் எனக்கு முதல் காப்பி.

"சற்குணம் சார், உங்க லெட்டரை எல்லாம் நான் படிச்சிருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"கடைசியா வந்ததை. நீங்க சொல்றது நியாயம். இந்த வாரமே உங்க பேரை மேல போட்டுடறேன். நீங்க இந்த நேரத்துல கூட இருக்கணும், அவ்வளவுதான்."

பதினைந்து வருடமாகக் கேட்டது, காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் நன்றி சொல்லவில்லை. உரியது வந்ததற்கு எதற்கு நன்றி? இருக்கிறேன் என்றேன்.

பெரிய கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். மின்சாரம் போய்விட்டது. நாளை எழுதலாம்.

பிப்ரவரி 6

பட்டியல் ஒட்டியாயிற்று. ஒன்று, சற்குணம். இரண்டு, வெள்ளியங்கிரி. ஆனால் என் பெயருக்குப் பக்கத்தில் 'சிறப்பு அந்தஸ்து' என்று போட்டிருக்கிறார்கள். நான் கேட்டது திருத்தம். தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்ளாமல் சலுகை மாதிரிக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வெள்ளியங்கிரி பட்டியல் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாமென நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

"நல்லதுங்க கேப்டன். ரொம்ப நாளா ஆசப்பட்டீங்க."

"ஆசை இல்லை. உரிமை."

"செரிங்க, உரிம." கொஞ்சம் தயங்கி, "அப்ப இனி ஜனவரில கடுதாசி வராதுங்களா?" என்றார்.

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் கேலி இல்லை. வேறென்ன இருந்தது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7

பெரிய கம்பெனிக்கு இன்னும் எழுதவில்லை. தலைவலி.

பிப்ரவரி 12

முதலாவதாக இருந்து ஆறு நாள். நினைத்த மாதிரி இல்லை. நினைத்த மாதிரி என்றால் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பறக்கும் மூன்றில் ஒன்று இன்று நின்றுவிட்டது. சேலம் பயணம் ரத்து.

பிப்ரவரி 19

தூத்துக்குடியில் ஒரு சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. பயணிகளை இறக்கிவிட்டு நானும் ஃபர்ஹானாவும் காக்பிட்டிலேயே காத்திருந்தோம். அவள் வீட்டில் கொடுத்த சமோசா பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க உண்மையாவே இங்கதான் இருக்கப் போறீங்களா?"

"இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"தெரியும் சார். எம்.டி. எங்க எல்லார்கிட்டயும் சொன்னாரு. சற்குணம் சாரே எங்கயும் போகல, அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போகுதுன்னு."

"எப்ப சொன்னாரு?"

"இந்த மாசம் ஆரம்பத்துல. எனக்கு வளைகுடாவுல ஒரு வேலை வந்துச்சு சார். நீங்களே நம்பி இருக்கீங்கன்னா கம்பெனி நிக்கும்னு நினைச்சேன். போன வாரம் வேண்டாம்னு எழுதிட்டேன். நம்ம கோ-பைலட் ஜெரோமும் ஒரு வேலையை விட்டுட்டான். எங்க வாட்சப் குரூப்ல உங்களுக்கு என்ன பேர் தெரியுமா? நங்கூரம்."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். நங்கூரம் கப்பலைக் காப்பாற்றும் என்று அவள் நினைப்பு. நான் கடற்கரை ஊரில் வளர்ந்தவன். ஓட்டை விழுந்த கப்பலில் நங்கூரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

"அந்த வளைகுடாக்காரனுக்குத் திரும்ப எழுது" என்றேன்.

"வேண்டாம்னு சொன்னவகிட்ட மறுபடி பேசுவாங்களா சார்?"

"பேசலன்னா அடுத்தவனுக்கு எழுது. ஜெரோமையும் எழுதச் சொல்லு. நான் போறேன்."

"எங்க சார்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லியாச்சு. சக்கரம் மாட்டிட்டானா பாரு."

சமோசா நன்றாக இருந்தது. உப்பு கொஞ்சம் கூட.

இரவு: பரந்தாமன் எனக்கு முதலிடம் கொடுக்கவில்லை. கடை வாசலில் தொங்கவிடப் பெயர்ப்பலகை தேடினார், பெரிய எழுத்தில் ஒன்று கிடைத்தது. பெரிய கம்பெனிக்கு வருகிறேன் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: அடுத்த வாரம் பெங்களூரில், தரையிலேயே பறக்கவைத்துப் பார்க்கும் சிமுலேட்டரில் தேர்வு.

பிப்ரவரி 22

பழைய கண்ணாடியை மாற்றினேன். ஜெட் விமானத்தின் கையேட்டை வரவழைத்துப் படிக்கிறேன். ரூபவதி டீயை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறாள். இருபத்திரண்டு வயதில் படித்தபோது டீ கொண்டுவர ஆள் இல்லை.

பிப்ரவரி 26, பெங்களூர்

காலையில் போனேன். வரவேற்பறையில் வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்தார்.

தேர்வு இரண்டு இரண்டு பேராக. யார் யாரோடு என்பதைக் கணினி போட்டிருக்கிறது. நான் ஆட்சேபித்தேன். அறுபது தாண்டிய இருவர் சேர்ந்து பறக்கக் கூடாது என்றேன். பொறுப்பாளர், "அது ஆகாயத்துக்கு சார். இந்தப் பெட்டி தரையிலதான் ஆடும்" என்றார். வெள்ளியங்கிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

முதலில் அவர் ஓட்ட, நான் துணை. பிறகு மாற்றி. ஒருவர் தவறினால் மற்றவருடைய மதிப்பெண்ணுக்கும் அடி. எங்கள் புரொப்பெல்லர் விமானத்தில் விசையைக் குறைத்தால் அந்த நொடியே வேகம் குறையும். ஜெட் அப்படியில்லை, வழுக்கிக்கொண்டே போகும். அவர் பழைய கணக்கில் இறங்கினார். உயரம் அதிகம், வேகமும் அதிகம்.

"வேகம்" என்றேன். வேகம் குறையவில்லை. "வேகம்" என்று இன்னொரு முறை சொன்னேன். ஓடுபாதை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் தேர்வு அதோடு முடிந்திருக்கும். அப்படி ஒரு எண்ணம் வந்தது என்று எழுதினால் பொய். எண்ணம் எதுவும் வரவில்லை. "கோ அரௌண்ட்" என்றேன்.

உடனே இறங்குவதை விட்டு, விசையைத் தள்ளி மேலே ஏற்றினார். ஏன் என்று கேட்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. இரண்டாவது முறை ஒழுங்காக இறக்கினார்.

அடுத்து என் முறை. தரையை விட்டதும் ஒரு இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். இந்தப் பழுதை நான் எத்தனையோ முறை பழகியிருக்கிறேன். புரொப்பெல்லர் விமானத்தில் இயந்திரம் நின்றால், சுழலியின் தகடுகளைக் காற்றை வெட்டாதபடி திருப்பிவிட வேண்டும். அதற்கு ஃபெதர் என்று பெயர். காலும் கையும் சரியாக வேலை செய்தன. வாய் மட்டும், "ஃபெதர் ஆச்சா பாரு" என்று அதட்டியது. கையும் இல்லாத நெம்புகோலைத் தேடிப் போனது.

 பக்கத்து இருக்கையிலிருந்து வெள்ளியங்கிரி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "அண்ணே, இதுல புரொப்பெல்லர் இல்லீங்க. நீங்க நேராப் புடிச்சிருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

நேராகப் பிடித்தேன். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பரிசோதகர் கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் எத்தனை வருஷமா சேர்ந்து பறக்கறீங்க?"

"இன்னைக்குத்தாங்க மொத நாள்" என்றார் வெள்ளியங்கிரி.

பரிசோதகர் நம்பவில்லை.

பிப்ரவரி 26, தொடர்ச்சி

ரயிலுக்கு நேரமிருந்தது. பக்கத்து ஓட்டலில் தோசை. அவர்தான் பேசினார்.

"ஒவ்வொரு ஜனவரியும் உங்க நகல் வருமுங்க. ஊட்டுல, பொங்கல் வாழ்த்து வந்துருச்சுன்னு சொல்லுவாங்க. எம்பட பேத்தி ஒரு தடவ பிரிச்சு, தாத்தா இதுல மாடு கரும்பு ஒண்ணுமே இல்லையேன்னு கேட்டுச்சு."

"அது வாழ்த்தில்லை, புகார்."

"தெரியுமுங்க. மூணாவது வருசமே பரந்தாமன்கிட்டப் போயி, அவரு பேர மேல போட்டுருங்க, எனக்கு ஒண்ணும் இல்லீன்னு சொன்னனுங்க. அவரு கேக்கல."

"நீர் விட்டுக் கொடுத்து வந்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்."

"அதாங்க உங்ககிட்டச் சொல்லாம இருந்தேன்."

சட்னி தீர்ந்துவிட்டது. சர்வரைக் கூப்பிட்டேன். பிறகு கேட்டேன், "பெரிய கம்பெனி கூப்பிட்டும் ஏன்வே போகாம இருந்தீரு?"

"நீங்க போகட்டுமுன்னுதாங்க. நான் முன்னால போனா அங்கயும் மேல உக்காந்துக்குவேன். மறுக்காவும் நகல் வாங்கோணும். நீங்க போயிட்டா, ஒரு நாள் விட்டுப் போயிக்கலாமுன்னு இருந்தேன். நீங்க போறீங்கன்னு ஃபர்ஹானா சொன்னப்பறந்தான் நானும் எழுதுனனுங்க."

பில்லை நான்தான் கொடுத்தேன். அவர் தடுத்தார், நான் விடவில்லை.

மார்ச் 4

இருவரும் தேறிவிட்டோம். 13ஆம் தேதி சேர வேண்டும்.

ராஜினாமாவைக் கையிலேயே கொடுத்தேன். பரந்தாமன் நோட்டீஸ் காலம் பற்றிப் பேச ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார். ஓட்ட இரண்டே விமானம். ஆளைப் பிடித்து வைத்து என்ன செய்வார்?

"உங்க பேரை மேல போட்டேனே சார்."

"போட்டீங்க. எதுக்குப் போட்டீங்கன்னும் தெரிஞ்சுது. எடுத்துடுங்க. எனக்குச் சிறப்பு அந்தஸ்து வேண்டாம். திருத்தம்னு எழுத மனசு வந்தா அப்ப எழுதுங்க."

"போறவருக்கு எதுக்கு சார் திருத்தம்?"

"நடந்தது நடந்ததுதானே."

அவர் அறையில் வயதான மனிதராகத் தெரிந்தார். என்னைவிடச் சின்னவர். கை கொடுத்தேன்.

மார்ச் 9

ஃபர்ஹானாவுக்கு வளைகுடாவில் மறுபடி இடம் கொடுத்துவிட்டார்கள். ஜெரோம் இன்னும் தேடுகிறான். குழுவில் என் பெயரை மாற்றிவிட்டார்களாம். என்னவென்று சொல்ல மறுக்கிறாள்.

மார்ச் 13

எழுத வேண்டியது நிறைய. முடிந்தவரை எழுதுகிறேன்.

பெரிய கம்பெனி அலுவலகம், நாலாவது மாடி. முன்கூட்டியே போய்விட்டேன். வெள்ளியங்கிரி எனக்கும் முன்னால் வந்து வெளி நாற்காலியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போடும் வரிசைப்படியே பணிமூப்பு எண் விழும் என்று உள்ளே இருந்த பெண் விளக்கினாள். யார் முதலில் என்று கேட்டாள்.

"அவருங்க" என்றான்.

"முதல்ல வந்தது அவர்தான்" என்றேன்.

"நான் சும்மா காத்து வாங்கலாமுன்னு வந்தனுங்க. நீங்க போங்கண்ணே. வயசுல பெரியவரு. பதினஞ்சு வருசமாக் கேட்டதுங்க."

"கேட்டது அங்கே. கொடுக்க வேண்டியது அவங்க. நீர் கொடுக்கறதுக்கு இது என்ன பிரசாதமா?"

"புடிவாதம் புடிக்காதீங்க."

"யாருவே பிடிக்கது? வந்தது நீர் முதல்ல. வரிசைன்னா வரிசை."

மதியச் சாப்பாட்டு நேரம் வந்து போனது. அவன் தயிர்ச்சாதம் கொண்டு வந்திருந்தான், பாதி கொடுத்தான், சாப்பிட்டேன். வேறு யாரோ இரண்டு இளைஞர்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களால் இருவருக்குமே இரண்டு எண் நஷ்டம். அந்தப் பெண் வெளியே வந்து, "சார், நாலரைக்கு சிஸ்டம் மூடிடும். தயவு செஞ்சு யாராவது ஒருத்தர் வாங்க" என்றாள்.

வெள்ளியங்கிரி காலை நீட்டி உட்கார்ந்தான். "நாளைக்கு உங்களுக்கு அறுவத்திரண்டுங்க. எனக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்குது. நான் நாளைக்கும் வருவேன், நாளான்னிக்கும் வருவேன். உங்களால முடியாதுங்க. எந்திரிச்சுப் போங்க."

கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தான். ஆள் யாரென்பதில்தான் தப்பு.

எழுந்தேன். பையை எடுத்தேன். உள்ளே போகவில்லை. லிஃப்டுக்குப் போய் பொத்தானை அழுத்தினேன்.

"எங்கீங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"அண்ணே, வெளையாடாதீங்க."

லிஃப்டின் எண் மூன்று, இரண்டு என்று இறங்கிப் போய், மறுபடி ஏறியது. நான் விளையாடவில்லை. ரூபவதியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அறுபத்தைந்து வரை மொட்டை மாடியில் நின்று மற்றவர்கள் விமானத்தைப் பார்ப்பதையும் யோசித்தேன்.  லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு காலை வைத்தேன்.

பின்னால் நாற்காலி தள்ளும் சத்தம். "நாசமாப் போச்சு, நானே போட்டுத் தொலைக்கறேன், இருங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அறுபத்தொரு வயது ஆள் அப்படி ஓடக் கூடாது. லிஃப்டை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

மை காய்ந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினான். முறைத்துக்கொண்டே நீட்டினான். அவன் பெயருக்கு அடுத்து என் பெயரை எழுதினேன். இந்த இடத்தில் என்னை யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. நானே வந்து நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ரூபவதி கேட்டாள், "யாரு முன்னால?"

"அவன்தான்."

"அதுக்கு எதுக்கு இப்படிச் சிரிக்கிய?"

நான் சிரிக்கவில்லை. பேருந்தில் மேற்குப் பக்க ஜன்னல், முழுவதும் வெயில். அதனால் முகம் அப்படி இருந்திருக்கும்.